ஏழரை மணிக்கு வராதீர்கள்

உழவர் சந்தையை ஆராய வரும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வேளாண் பொருளியல், வணிகவியல், சமூகவியல், சமூகப்பணி என்று பல துறைகளிலிருந்து எங்கள் சந்தைக்கு வருகிறீர்கள். முன்பு கையில் வினாத்தாள் இருக்கும், இப்போது கைப்பேசி. ஆனால் வரும் நேரம் மட்டும் மாறுவதில்லை. காலை ஏழரை மணி. ஊரே பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிற நேரம் அது. ஒரு கையில் தராசுத் தட்டு, மறுகையில் பாக்கிச் சில்லறை, எதிரே மூன்று பேர் "எனக்கு முதல்ல போடுங்க" என்று நிற்கையில், பக்கவாட்டிலிருந்து உங்கள் குரல் வரும்.

"அண்ணே, இந்தச் சந்தையின் அடிப்படை வசதிகள் குறித்த உங்கள் திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?"

"மூணு போட்டுக்கப்பா."

அந்த மூன்று ஒரு பதில் இல்லை. "ஆளை விடு சாமி" என்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த எண். ஒன்று என்றால் ஏன் என்று கேட்பீர்கள், ஐந்து என்றாலும் ஏன் என்று கேட்பீர்கள். மூன்றுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். எங்கள் கடை வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இது தெரியும். நீங்கள் ஊருக்குப் போய் எங்கள் மூன்றுகளை எல்லாம் கூட்டி, வகுத்து, "விவசாயிகள் மிதமான திருப்தியுடன் உள்ளனர்" என்று எழுதுகிறீர்கள்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம். கத்தரி, வெண்டை, அரைக்கீரை. பட்டப்படிப்பு முடித்தவன்தான்; அப்பாவுக்குப் பிறகு கிணற்றைப் பார்க்க ஆளில்லாமல் ஊரோடு தங்கிவிட்டேன். என் அக்கா மகள் வேளாண் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டுக்கட்டாக ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவருவாள். இரவு மோட்டார் போட விழித்திருக்கும் நேரத்தில் அவள் படித்து விளக்க, நான் கேட்பேன். எங்களைப் பற்றி இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பெருமையாக இருந்தது. போகப்போக ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத்தான் உங்களிடம் வைக்கிறேன். சந்தையின் கணக்கைச் சந்தையின் கேட்டுக்கு உள்ளே நின்று எடுக்கிறீர்கள். அதில் பாதிக்குமேல் கேட்டுக்கு வெளியே கிடக்கிறது.

உங்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்று உண்டு. உழவர் சந்தையில் விவசாயிக்கு மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்குபவர் வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகக் கொடுக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 20-ம் 15-ம் எங்கிருந்து வந்தவை? அவை சந்தையின் விலை நிர்ணய முறையிலேயே இருப்பவை. விடியற்காலையில் மொத்தச் சந்தை விலையை விசாரித்து, அதற்கு மேலே இவ்வளவு, சில்லறைக்குக் கீழே இவ்வளவு என்று வைத்துத்தான் அன்றைய விலையைப் பலகையில் எழுதுகிறார்கள். நீங்கள் ஏழரை மணிக்கு வந்து பலகையைப் பார்த்து, மண்டி விலையோடு ஒப்பிட்டு, 20 சதவீதம் கூடுதல் என்று கண்டுபிடிக்கிறீர்கள். அளந்தது விதியை, விளைவைக் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். படியால் படியையே அளந்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இடைத்தரகரைத் தாண்டி விற்பதற்காக வந்த சந்தை, தன் விலையை அந்த இடைத்தரகர் நடத்தும் மண்டியில் இருந்துதான் தினமும் கடன் வாங்குகிறது. மண்டியில் ஏலம் விழுந்தால் எங்கள் பலகையிலும் விலை விழும். கத்தரி கிலோ மூன்று ரூபாய்க்குப் போன நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது அறுபது காசு.

அதனால் உழவர் சந்தை வேண்டாம் என்று ஆகிவிடாது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய அப்னி மண்டி, அதே 1999 சனவரியில் ஆந்திரத்தில் வந்த ரைத்து பஜார் என்று முன்மாதிரிகள் இருந்தன. ஓரிரு ஆண்டுகளில் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேல் சந்தைகள் வந்தன. 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. வாடகையில்லாத கடை, அரசு கொடுத்த தராசு, விவசாயிக்கு அடையாள அட்டை. இவற்றின் அருமை, மண்டியில் எடைக்குக் கழிவு, கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் பிடித்தபின் துண்டுச்சீட்டோடு திரும்பியவனுக்குத் தெரியும். 2024-இல் வந்த ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் தாள்கள், வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசும், வெங்காய விவசாயிக்கு 36 காசும், உருளை விவசாயிக்கு 37 காசும்தான் சேர்கிறது என்று கணக்கிட்டன. மீதி எங்கே போகிறது என்ற கேள்விக்கு உழவர் சந்தை ஒரு நேர்மையான பதில். அந்தப் பதில் எவ்வளவு பெரியது என்பதைத்தான் சரியாக அளக்கச் சொல்கிறேன்.

அளந்து பார்ப்போம். ஒரு கணக்குக்காக என்னிடம் 30 கிலோ கத்தரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் கிலோ 20 ரூபாய், சந்தைப் பலகையில் 24. மண்டிக்குப் போனால் 600 ரூபாய்; நூற்றுக்குப் பத்து கமிஷன் போக 540. விடியுமுன் வீடு திரும்பிவிடலாம். சந்தையில் 25 கிலோவைப் பலகை விலைக்கு விற்றால் 600. ஒன்பது மணிக்கு மேல் வாடத் தொடங்கும் மிச்சம் ஐந்து கிலோவைக் கூறுகட்டிப் பாதி விலைக்குத் தள்ளினால் 60. ஆக 660. மண்டியைவிட 120 ரூபாய் அதிகம். இதற்காக நான் கூடுதலாக உட்கார்ந்த நேரம் ஐந்து மணி. மணிக்கு 24 ரூபாய். டீ, இட்லிச் செலவைக் கழிக்கவில்லை. அந்த ஐந்து மணியில் வெயில் ஏறுமுன் களையெடுக்க வேண்டிய தோட்டம் சும்மா கிடந்ததையும் கழிக்கவில்லை. 2024-25-இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு என் சந்தைக் கூலியைப் பெருக்கினால் 192.

கூடுதல் லாபம் என்று உங்கள் அட்டவணையில் இருப்பது எங்கள் வீட்டில் கூலி. அதிலும் பெரும்பாலும் பெண்களின் கூலி. முந்தின நாள் சாயங்காலம் காய் பறித்து, சொத்தை பொறுக்கி, கீரையைக் கட்டுப் போட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வருகிறவர்கள் அவர்கள். உங்கள் வினாத்தாளில் "விற்பனைக்கான உழைப்பு நேரம்" என்று ஒரு வரி சேருங்கள். மறுநாளே உங்கள் முடிவுரையின் தொனி மாறிவிடும்.

"மணிக்கு 24 ரூபாய்தான் என்றால் அப்புறம் ஏன் வருகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. கீரைக்கடை ஆத்தா ஒருவர் சொன்னதை எழுதுகிறேன்: "இங்க வித்த காசு என் சுருக்குப்பைக்கு வருது. மண்டிச் சீட்டு வீட்டு ஆம்பளை சட்டைப்பைக்குப் போகுது." பணம் அன்றன்றைக்குக் கையில் வருவது இன்னொரு காரணம். தராசு என் கையில் இருப்பது மற்றொன்று. வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து, பச்சைக் கத்தரியா, வரிக் கத்தரியா, எது ஊருக்குப் பிடிக்கிறது என்று தெரிந்து அடுத்த நாற்றைப் போடுவது மூன்றாவது. ரூபாய்க் கணக்கு எங்களைத் தூக்கிக் காட்டவும் இல்லை, முட்டாளாக்கவும் இல்லை. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஏதோ ஒன்று எங்களை மூன்று மணிக்கு எழுப்புகிறது. அது என்னவென்று கண்டுபிடித்தால் அதுதான் ஆய்வு.

அடுத்து, ஆட்கள். சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரைக் கேட்டு "விவசாயிகள்" என்று எழுதுகிறீர்கள். வந்தவர்களைக் கேட்டால் வந்தவர்கள் கதைதான் கிடைக்கும். வர முடியாதவர்கள் மூன்று வகை.

முதலாவது, காகிதம் இல்லாதவர்கள். இங்கே கடை போட அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குச் சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று. வியாபாரிகள் விவசாயி வேடத்தில் நுழைந்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கும்? குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்தது. பதியச் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று பயப்படுகிறவர்களை எங்கள் ஊரிலேயே காட்டுகிறேன். வந்தவர்களிலும் காகிதத்தில் பெயர் இல்லாதவர்கள் உண்டு: பட்டா கணவர் பெயரில், அட்டையும் அவர் பெயரில், கடையில் இருப்பது மனைவி. உங்கள் படிவத்தில் அவர் என்னவாகப் பதிவாகிறார்? ஒரு முறை என் பக்கத்துக் கடை அக்காவிடம் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, கடைசியில் அட்டையைப் பார்த்துப் "பாலினம்: ஆண்" என்று குறித்துக்கொண்டு போனார் ஒரு தம்பி.

இரண்டாவது, மண்டியிடம் முன்பணம் வாங்கியவர்கள். விதைக்கும் உரத்துக்கும் மகள் சடங்குக்கும் அவசரத்துக்கு வாங்கிய பணம் அது. காய் வேறு எங்கும் போகக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். 1970-களிலிருந்து வட தமிழ்நாட்டின் மண்டிகளையும் ஆரணி போன்ற ஊர்களையும் ஆராய்ந்தவர் பார்பரா ஹாரிஸ்-வைட். தென்னிந்திய வேளாண் சந்தைகளைப் பற்றி 1996-இல் அவர் எழுதிய நூலின் துணைத் தலைப்பே "நாட்டுப்புறத்தின் எசமானர்கள்" என்ற பொருள் தருவது. சந்தையைப் புரிந்துகொள்ள வணிகரின் கணக்குப் புத்தகத்தையும் கடனையும் பார்க்க வேண்டும் என்று அக்கா மகள் அந்த நூலைக் காட்டித்தான் எனக்குச் சொன்னாள். உழவர் சந்தையை ஆராய்கிற நீங்கள் ஒரு நாளாவது மண்டித் திண்ணையில் உட்கார்ந்ததுண்டா?

மூன்றாவது, தூரத்துக்காரர்கள். கடைசிப் பேருந்தும் முதல் பேருந்தும் ஒத்துவராத ஊர்க்காரர்கள், வண்டி இல்லாதவர்கள், துணைக்கு ஆள் இல்லாதவர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு 0.75 எக்டேர், ஏறத்தாழ 1.85 ஏக்கர். அதாவது என்னைப் போன்றவர்கள்தான் ஊரில் பெரும்பாலோர். எங்களில் எத்தனை பேர் சந்தைக் கேட்டைத் தாண்டி வந்திருக்கிறோம்? 2001-க்கும் 2006-க்கும் இடையில் சந்தைகள் களையிழந்தபோது வருவதை நிறுத்தியவர்கள் என்ன ஆனார்கள்? திரும்ப வந்தவர் யார், வராதவர் யார்? அட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஒருவரைத் தேடிப் பேசுங்கள். எங்கள் ஐம்பது மூன்றுகளைவிட அந்த ஒரு பேச்சு உங்களுக்குக் கனமாக இருக்கும்.

மேல்நாட்டுக் கட்டுரைகளைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கேள்விகளில் பல அங்கிருந்து வந்தவை என்பது வாசித்தாலே தெரியும். "இச்சந்தைக்கு வருவது சமூகத்தோடு இணைந்த உணர்வைத் தருகிறதா?" என்று கேட்டபோது, பருப்பு வேகவைத்துவிட்டு ஓடிவந்த அம்மா ஒருவர் உங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அமெரிக்காவில் விவசாயி நேரடியாக விற்பதை ஊக்குவிக்க 1976-இல் சட்டம் வந்தது. 1994-இல் 1,755 ஆக இருந்த அங்குள்ள உழவர் சந்தைகள் இருபதே ஆண்டுகளில் எட்டாயிரத்தைத் தாண்டின. பேரங்காடி அலுத்துப்போய், கூடுதல் விலை கொடுத்தாவது விவசாயி முகத்தைப் பார்க்க விரும்பியவர்கள் பெருகிய காலம் அது. இங்கே விலை குறைவு என்பதால் வருகிறார்கள். முகம் பார்ப்பது கொசுறு.

ஆனால் அங்கிருந்து எடுக்க வேண்டியதை நீங்கள் எடுக்கவில்லையோ என்றும் தோன்றுகிறது. அவர்கள் தங்கள் ஆசைகளையே கேள்வி கேட்டார்கள். வாங்குபவர், விற்பவர் நெருக்கத்துக்குள்ளும் விலையும் தன்னலமும் இருக்கத்தான் செய்கின்றன என்று கிளேர் ஹின்ரிக்ஸ் 2000-இல் எழுதினார். உள்ளூர் என்பதாலேயே ஒன்று நியாயமானதோ பசுமையானதோ ஆகிவிடாது. அப்படி நம்புவது ஒரு பொறி என்று 2006-இல் பிராண்டன் போர்னும் மார்க் பர்செலும் எச்சரித்தார்கள். உணவு பயணம் செய்யும் தூரமே பெரிய கேடு என்ற பேச்சு பரவியிருந்த 2008-இல், கிறிஸ்டோபர் வெபரும் ஸ்காட் மேத்யூஸும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு மொத்தமே 11 சதவீதம். அதிலும் உற்பத்தி இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிக் கட்டத்துக்கு 4 சதவீதம்தான். அலிசன் அல்கான், ஜூலி கத்மன் போன்றோர் இந்தச் சந்தைகளுக்கு வாங்க வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்டு, நிறத்தையும் வசதியையும் பேச்சுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களிடமிருந்து கேள்வித்தாளை எடுக்காதீர்கள், அந்தத் துணிச்சலை எடுங்கள். அங்கே வாங்க வராதவர் யார் என்று கேட்டார்கள். இங்கே விற்க வராதவர் யார் என்று கேட்க வேண்டும்.

"உள்ளூர் உணவு" என்ற சொல்லையும் ஒரு தரம் சாம்பாரில் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காய் என் தோட்டத்தது. முருங்கை பக்கத்து ஊரது. கேரட் மலையிலிருந்து இறங்கியது. பெரிய வெங்காயம் பெரும்பாலும் மகாராட்டிரத்திலிருந்து லாரியில் வந்தது. துவரம்பருப்பு கர்நாடகத்ததாக இருக்கலாம், மொசாம்பிக்கிலிருந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம். இந்தச் சாம்பார் எந்த ஊரது? எங்கள் பக்கம் மானாவாரியில் துவரை போட்டவர்கள் இருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று எந்த ஆய்விலும் படித்ததில்லை. காய்கறியோடு நின்றுவிடும் உள்ளூர், பாதி இலையைத்தான் நிரப்பும்.

கடைசியாக ஒரு பழைய கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி என்று ஐந்து தமிழ்க் கிராமங்களும் வேறு சில தென்னிந்தியக் கிராமங்களும் 1918-இல் நூலாயின. பத்தொன்பது, இருபது வருடம் கழித்து, பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் முன்னின்று அந்த ஊர்களை மறுபடி ஆராயச் செய்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களிலும், பிறகு 2008-லும் ஆய்வாளர்கள் போனார்கள். ஏறக்குறைய நூறு வருடத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலிக்காரர் தலை எப்போது நிமிர்ந்தது என்று ஓர் ஊரை வைத்தே சொல்ல முடிகிறது என்றால், போனவர்கள் திரும்பிப் போனதால்தான்.

எங்கள் சந்தைக்கு வந்த யாரும் திரும்பி வந்ததில்லை. ஒரு பருவம், ஒரு வாரம், ஐம்பது படிவம், பட்டம். தை மாதம் வந்து கேட்டால் எல்லோரும் சிரித்துப் பேசுவோம். அதே ஆட்களைச் சித்திரையில், கிணறு வற்றி, கீரை கருகிய பிறகு கேட்டுப் பாருங்கள். எங்கள் பதில்களை வைத்து நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. எழுதியது ஆங்கிலத்தில், இருப்பது நூலகத்தில். நான் அக்கா மகள் புண்ணியத்தில் அறிந்துகொண்டேன். கீரைக்கடை ஆத்தாவுக்கு அக்கா மகள் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆய்வு முடிந்ததும் பத்தே வரியில், எங்களுக்குப் புரிகிற தமிழில் முடிவை எழுதி எடுத்து வாருங்கள். அலுவலகத்தில் அனுமதி கேட்டு, சந்தை வாசலில் உள்ள விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தப் பலகையில் ஒரு ரூபாய் தப்பாக எழுதியிருந்தாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது சத்தம் போட்டுத் திருத்திவிடுவார்கள். உங்கள் முடிவுக்கும் அந்த மரியாதையைச் செய்வோம்.

அதுவரை, கேள்வி கேட்க வருவதாக இருந்தால் காலை ஏழரைக்கு வராதீர்கள். விடியற்காலை மூன்றரைக்கு எங்கள் ஊர் விலக்குக்கு வாருங்கள், சாக்கைத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். இல்லையென்றால் பத்தரை மணிக்குச் சந்தைக்கு வாருங்கள். மிச்சக் கத்தரிக்காய் முன்னால் கிடக்கும். பேச நேரமும் இருக்கும். அப்போது மூன்று என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஒன்றரை ஏக்கர் கத்தரிக்காய்க்காரன்